பொயிலருக்குத் தேயிலை

கல்லருவித் தோட்டம், மேல்கணக்கு,
அக்கரப்பத்தனை.
12.2.1961

மொட்டையா,

அம்மா செத்த வருடம் உன் தலை முழுக்கப் பேன் விழுந்து நான் சிரைத்துவிட்டேனே, அன்றிலிருந்து இந்தப் பேர். என்னையும் உன் மச்சானையும் தவிர வேறு யாரும் உன்னை இப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது நான் ஒருத்திதான் பாக்கி.

உனக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். மச்சானை மண்ணில் வைத்த கையோடு, கருமாதிக்குக்கூட நிற்காமல், உன் பெண்சாதி பூரணியைக் கூட்டிக்கொண்டு கினிகத்தேனைக்குப் பஸ் ஏறிவிட்டாய். போன தையோடு இரண்டு வருடம் ஆயிற்று. நானும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்து கோணலாக வரும், கை வலிக்கும். அதையும் சாக்காக வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இப்போது எழுத வைத்தது லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி. மகள் பிரசவத்துக்கு உங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தாளாம். திரும்பி வந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும்போது, ஏதோ கோயில் விசேஷம் சொல்வது போலச் சொல்கிறாள்: "ஒன் தம்பி இன்னமும் பொயிலருக்கு டீத்தூளு போடுறான் புள்ள. வாளியில அள்ளிக் கொட்டுனத என் கண்ணால பாத்தேன்."

எனக்கு மலையில் நிற்க முடியவில்லை. கங்காணி ஏசினார். ஏசட்டும்.

மொட்டையா, எனக்குப் பொயிலர் தெரியாது. பொயிலர் பார்த்த உன் மச்சான் சாப்பிடும்போது சொன்னதுதான் தெரியும். வெயில் காலத்தில் ஓடை வற்றினால் வெள்ளைக்கல் ஊற்றுத் தண்ணீரைப் பொயிலருக்கு விடுவார்கள். அந்தத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கச் சுண்ணாம்பு மாதிரிப் பொருக்கு இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பொருக்கு ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாது, விறகு தின்னும், இரும்பு வேகும். உள்ளே புகுந்து சுத்தியலால் தட்டித்தான் பெயர்க்க வேண்டும். அதற்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரை நிறுத்த, அதை நடத்துகிற டீமேக்கர் விடமாட்டார். அதனால்தான் நீங்கள் இரண்டு பேரும், சலித்துக் கழித்த தூளையும் நாரையும் பொயிலருக்குள்ளேயே போட ஆரம்பித்தீர்கள். தேயிலைச் சாயம் பட்டால் பொருக்கு இளகி உதிர்ந்துவிடும் என்று அவர் சொல்லிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "துரைக்கு மட்டுமா டீ? பொயிலருக்குந்தான்."

பொயிலர் வெடித்து அவரும் போன பிறகு அதன் வயிற்றைக் கிழித்து வெளியே போட்டிருந்தார்களே, அதற்குள் கிடந்த தேயிலைச் சேற்றை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். ஆபீசில், அவர் தூங்கிவிட்டார், தண்ணீர் குறைந்ததைப் பார்க்கவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சேறுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

இங்கே பொயிலரே இல்லை இப்போது. சூடுகாற்று அடுப்பு வைத்திருக்கிறார்கள். விறகு எரிகிற இரும்புக் குழாய்களைச் சுற்றிக் காற்றாடி காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று சூடாகிக் கொழுந்து காய்கிற மெசினுக்குள் போகிறது. சொட்டுத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாததால் பொருக்கும் இல்லை. நீராவி இல்லாததால் காலைச் சங்கும் ஊதுவதில்லை. தண்டவாளத் துண்டைத் தட்டி, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நான் அதற்கு முன்னாலேயே விழித்துக்கொண்டு கிடக்கிறேன்.

தூள் போடுவதை நிறுத்து. வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா
சண்முகவடிவு

*

மூங்கில்மலைத் தோட்டம்,
கினிகத்தேனை.
3.3.1961

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. ஆபீஸ் கிளாக்கர் ஐயா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாருடா இது, கோழி நடந்த மாதிரி எழுதியிருக்கு" என்றார். எங்கள் அக்கா என்றேன். அப்படிச் சொல்லி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

பூரணி சுகமாக இருக்கிறாள். மழை விட்டால் அட்டை, அட்டை விட்டால் மழை. வேறு விசேஷம் இல்லை.

நான் கருமாதிக்கு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ சொன்னதை எழுதவில்லை. கணக்கப்பிள்ளை முதல் தப்படிக்கிறவர் வரை கேட்க, மச்சானை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சேந்து கொட்டுன தூளுதான் இவரக் கொன்னுச்சு. ஒருத்தன் கெடக்கான், ஒருத்தன் நிக்கிறான்" என்றாய். அதைக் கேட்ட பிறகு அங்கே எப்படி நிற்பேன்? நீ தூக்கி வளர்த்த பிள்ளை நான். வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

தூள் போடுகிறேன்தான். வேலாயியின் கண் பழுதில்லை. இங்கேயும் ஊற்றுத் தண்ணீர்தான், பொருக்கு ஏறும். தூள் போட்ட பிறகு அது தட்டாமலே சேறாக இறங்கிவிடுகிறது. வாரம் ஒரு தடவை அடிக்குழாயைத் திறந்து சேற்றை வெளியே அடிக்கிறேன். இது மச்சான் கற்றுக்கொடுத்தது. சேறு இரும்பை வெடிக்க வைக்காது அக்கா. தண்ணீர் இறங்கினால்தான் வெடிக்கும். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டத்தான் முன்னாலே கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மச்சான் ஒரு விறகு போட்டதில்லை. நானும் போடுவதில்லை. அந்த இரும்பு பழையது, வெள்ளைக்காரன் காலத்து ஒட்டு. அது விட்டுப்போனது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தூங்கிவிட்டான் என்று ஆபீசில் எழுதினார்கள். தூளால் செத்தான் என்று நீ சொல்கிறாய். இப்போது நானும் தூள் போடுவதை நிறுத்தினால், அவர் செய்தது தப்பு என்று நானே கைநாட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். இந்த ஸ்டோரில் ஒருத்தன் கேட்டான், "ஒங்க மச்சான் செத்த மொறைதானேடா இது?" என்று. அன்றைக்கு இரண்டு வாளி கூடப் போட்டேன். நான் தூள் போட்டு, என் பொயிலர் நன்றாக ஓடும்வரை, அவர் மேல் குற்றம் இல்லை.

சூடுகாற்று அடுப்பைப் பற்றி ரொம்பச் சந்தோஷப்படாதே. அதற்கும் நோய் உண்டு. குழாயில் ஓட்டை விழுந்தால் புகை கொழுந்தில் ஏறும். பிறகு அந்தத் தேயிலையைக் கொழும்பில் ஒருவனும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக மாட்டான்.

தம்பி
அழகுமுத்து

*

கல்லருவித் தோட்டம்.
20.4.1961

மொட்டையா,

சித்திரை வருடப் பிறப்புக்கு ஒன்றும் செய்யவில்லை. வேலாயி வீட்டிலிருந்து இரண்டு பணியாரம் வந்தது. அதைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

அன்றைக்கு நான் சொன்னது சொன்னதுதான். அது பொய் என்று இப்போது எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். எழுத வரவில்லை. ஆனால் நீ உயிரோடு நிற்பது எனக்குக் குறையாக இருந்ததாக நினைத்தாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரையாவது வைய வேண்டியிருந்தது. பக்கத்தில் நீ நின்றாய்.

நீ எழுதியதை நான் பலமுறை படித்தேன். கண்ணாடி இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். அவரும் அதைத்தான் சொல்வார். நானும் சரி என்று விட்டிருப்பேன். என் கேத்தல் விடவில்லை.

நம் கேத்தல் தெரியுமல்லவா, டீத்தண்ணீர் கொதிக்க வைக்கிற, மூக்கு நீளமான பழையது. இந்தக் கோடையில் லயத்துக்குத் தண்ணீர் விழுகிற பீலியிலும் வெள்ளைக்கல் ஊற்றுத் தண்ணீர்தான் வந்தது. கேத்தலுக்குள் முட்டை ஓடு மாதிரிப் பொருக்கு. தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினேன், வரவில்லை. இருந்தால் இருக்கட்டும் என்று, மிச்சம் விழுந்த சாயத்தை இலையோடு உள்ளேயே விட்டு மூடி வைத்தேன். எனக்கு அதைக் கொட்டக்கூட அலுப்பு. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அடுப்பில் வைத்துக் கொதித்த பிறகு சாய்த்தால், மூக்கு வழியாகத் தண்ணீர் வரவில்லை. கேத்தல் நிறையத் தண்ணீர், மூக்கில் ஒரு சொட்டு இல்லை. மூடி வழியாகப் பொங்கிக் கையில் ஊற்றிவிட்டது. கை பொத்துப்போய் டிஸ்பென்சரிக்குப் போனேன். இரண்டு நாள் பெயர் இல்லை, கூலியும் இல்லை.

ஆறிய பிறகு ஈர்க்குச்சி விட்டுக் குத்தினேன். உதிர்ந்த பொருக்கும் தேயிலையும் சேர்ந்து களிமண் மாதிரி மூக்கை அடைத்திருந்தது. பொருக்கு இளகியது உண்மைதான். நீங்கள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் இளகினது எங்கேயும் போய்விடவில்லை மொட்டையா. போய் மூக்கில் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் களியில் கொஞ்சம் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். காய்ந்திருக்கும்.

உன் பொயிலரிலிருந்து அந்தக் கண்ணாடிக்குத் தண்ணீர் போகிற வழி எவ்வளவு பெரியது? எனக்குத் தெரியாததால் கேட்கிறேன். என் கேத்தல் மூக்கு என் பெருவிரல் தடிப்பு.

அக்கா

*

மூங்கில்மலைத் தோட்டம்.
6.5.1961

அக்கா,

கை எப்படி இருக்கிறது? தேங்காயெண்ணெய் போடு. டிஸ்பென்சர் கொடுக்கும் மஞ்சள் மருந்தை நம்பாதே.

நீ அனுப்பிய களியைப் பார்த்துச் சின்னராசா, என்னோடு விறகு போடுகிறவன், ஒரு பாடு சிரித்தான். "அக்கா கேத்தல இங்க அனுப்பச் சொல்லுண்ணே, பழைய பொயிலரக் கழட்டிட்டு அத மாட்டிக்குவோம்" என்கிறான். கேத்தல் வேறு, பொயிலர் வேறு. பொயிலரில் அழுத்தம் இருக்கிறது. அழுத்தம் சேற்றை உட்கார விடாது. கண்ணாடிக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வர வேண்டும். வந்தால் வழி சுத்தம். கல்லருவியில் அந்தத் திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது. மச்சான் புதியது கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். எங்கள் திருகு திறக்கும்.

கடைசியாக எப்போது திறந்தாய் என்று நீ கேட்பாய். கேட்காதே.

எனக்கு இங்கே நிரந்தர ஆளாகச் செக்ரோலில் பேர் இருக்கிறது, காம்பரா இருக்கிறது. பூரணிக்கு மலையில் வேலை. இதையெல்லாம் கேத்தலுக்காக விட்டுவிட்டு வர முடியாது. வேறு விஷயம் எழுது.

தம்பி

*

கல்லருவித் தோட்டம்.
28.5.1961

மொட்டையா,

எனக்கு எழுத வேறு விஷயம் இல்லை.

டீமேக்கர் கணேசமூர்த்தி ஐயாவிடம் போய்க் கேட்டேன். சூடுகாற்று அடுப்புக்கு ஒரு ஆள் வேண்டுமாம். இப்போது இருக்கிறவன் விறகைத் தாறுமாறாகப் போட்டுக் குழாயைச் சிவக்க விடுகிறானாம். "பொயிலர் பாத்த ஆளுன்னா நெருப்பத் தெரியும். ஆனி முடியறதுக்குள்ள வரச் சொல்லு" என்றார். நான் வெளிவாசலில் நின்றுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை.

அவருக்காக வழக்குப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தூள் போட்டுக்கொண்டிருக்கிறாய். செத்தவருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தால் அவர் வந்து கஞ்சி கேட்கப் போகிறாரா? அவர் தூங்கினார் என்று சொன்னால் சொல்லட்டும். தப்பே செய்தார் என்று சொல்லட்டும். எனக்கு அலுத்துவிட்டது. பெரட்டுக் களத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாத மாதிரி நிற்கப் பழகிவிட்டேன். நீ ஒருத்தன் உயிரோடு இருந்தால் போதும். அவர் பேருக்குக் காவல் காக்க நீ அந்த இரும்புக்கு முன்னால் உட்கார வேண்டாம்.

அந்தத் திருகைத் திறந்து பார்த்தாயா என்று மட்டும் எழுது. வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அதையும் எழுத மனம் இல்லை என்றால் கடிதமே போடாதே. உறையைப் பிரிக்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. உன் எழுத்துத்தானா, பூரணி யாரையாவது பிடித்து எழுதச் சொன்னதா என்று முதலில் மேல்விலாசத்தைப் பார்க்கிறேன்.

அக்கா

*

மூங்கில்மலைத் தோட்டம்.
2.7.1961

அக்கா,

மேல்விலாசம் என் எழுத்துத்தான். பயப்படாதே.

பதில் போடாததற்குக் காரணம் உண்டு. உன் கடிதம் வந்த மறுநாளே திருகைத் திறந்தேன். தண்ணீர் சீறவில்லை. கொஞ்சம் வந்தது, அதற்குப் பிறகு சளி ஒழுகுவது போல ஒழுகியது. சரி, கொஞ்சம் அழுக்கு என்று மூடிவிட்டேன். உனக்கு அதை எழுத வாய் வரவில்லை. வருடக் கழுவலுக்கு ஸ்டோரை நிறுத்துவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்கிடையில் விறகு போடும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்ப்பேன். பாதி. எப்போது பார்த்தாலும் பாதி. எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன வாரம் நிறுத்தினார்கள். நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, அடிக்குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டோம். சின்னராசா வெளியே நின்றான். நான் ஆள் புகும் துளை வழியாக உள்ளே இறங்கினேன். காலுக்குக் கீழே சேறு, ஈரம், அவ்வளவுதான். தண்ணீர் இல்லை. குந்தி உட்கார்ந்து சுத்தியலை எடுத்தேன். அப்போது வெளியிலிருந்து அவன் சொல்கிறான்.

"அண்ணே, தண்ணிய இன்னும் முழுசா விடலயா?"

"விட்டாச்சேடா. நான் உள்ளதான ஒக்காந்திருக்கேன்."

"கண்ணாடியில பாதி நிக்குதே."

அக்கா, வெறும் பொயிலருக்குள்ளே நான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கண்ணாடி பாதித் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

சின்னராசா கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அவன் பயந்துபோய்த் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். கண்ணாடிக்குப் போகிற வழியைக் கம்பியால் குத்தினேன். நீ மடித்து அனுப்பிய அதே களி. வெள்ளையும் கறுப்பும் கலந்தது. கம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்ணாடியில் இருந்த தண்ணீர் இறங்கி என் முழங்காலில் ஒழுகியது.

எவ்வளவு காலமாக அது அடைத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. உலைக்கு நேர் மேலே இரும்பு தண்ணீர் இல்லாமல் காய்ந்து நீலம் பாய்ந்திருக்கிறது. ஒரு இடத்தில் தொப்பை மாதிரி இறங்கியிருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன்.

மச்சான் தூங்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்வேன். அவர் பார்த்திருப்பார். பார்த்து, பாதி இருக்கிறது என்று விறகு போட்டிருப்பார். தூளும் நாங்கள் போட்டதுதான். இரண்டும் உண்மை. இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு அவர் பக்கம் நிற்க இடம் இருந்தது, இப்போது எங்கே நிற்பது என்று புரியவில்லை.

இங்கே ஸ்டோருக்குப் பொறுப்பான பெரியவரிடம் இரும்பைக் காட்டிச் சொன்னேன். ஒட்டுப் போட்டு ஓட்டலாம் என்கிறார். நான் இனி அதற்கு முன்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பெயர் இல்லை. கல்லருவி அடுப்பு வேலை இன்னும் இருக்கிறதா? இருந்தால் வருகிறேன். பூரணிக்கும் சம்மதம்.

மொட்டையன்

*

கல்லருவித் தோட்டம்.
20.7.1961

மொட்டையா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காம்பராப் படியில் உட்கார்ந்திருந்தேன். வேலாயி வந்து என்ன என்று கேட்டாள். என் தம்பி வருகிறான் என்றேன். "அதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்க?" என்றாள்.

அடுப்பு வேலை போய்விட்டது. ஆனி முடிந்த மறுநாள் பெரிய கங்காணி தன் மருமகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டார். டீமேக்கர் ஐயா என்னைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தார். மலையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். உனக்குக் கத்தி பிடித்துப் பழக்கம் இல்லை. முதுகு ஒடியும், தேயிலை வாது குத்திக் கையைக் கிழிக்கும். உலை முன்னால் குளிர் தெரியாமல் இருந்தவனுக்கு இந்த மலைப் பனியும் ஒத்துக்கொள்ளாது. இருந்தாலும் வா. மருமகன் குழாயை எரித்துப் புகை விட்டானென்றால் உன்னைத் தேடி வருவார்கள். வராவிட்டாலும் போகட்டும்.

கடைசி லயத்தில் ஒரு காம்பரா காலியாக இருக்கிறது. கூரை ஒழுகுகிறது. தகரம் கேட்டிருக்கிறேன், கொடுக்கும்வரை என்னோடு இருங்கள். அட்டனில் பஸ் மாறும்போது பூரணியைச் சாமான்களுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல். நீ மட்டும் போய் விசாரி.

நீ எழுதியதை ஆபீசில் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. அவர் தூங்கவில்லை, கண்ணாடிதான் பொய் சொன்னது என்று மட்டும் சொன்னேன். கிளாக்கர் ஐயா, "முடிஞ்ச விசயம் ஆயா. அந்தப் பொயிலரையே பழைய இரும்புக்கு ஏத்தியாச்சு" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க எனக்கும் தெம்பு இல்லை. கொழுந்து நிறுக்கப் போய்விட்டேன்.

எங்கே நிற்பது என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் தெரியவில்லை. இத்தனை நாளும் உங்கள் இரண்டு பேர் மேலும் கோபத்தை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்தேன். இப்போது அது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அசதிதான் இருக்கிறது. சோறு வடிக்கிறேன், கூடையைக் கட்டுகிறேன், மலைக்குப் போகிறேன். உன் இரும்பில் தொப்பை இறங்கியிருந்தது என்று எழுதினாயே, அந்த இடம் மட்டும் மறுபடி மறுபடி மனதில் வருகிறது. நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் வருகிறது.

நீ வந்து சேர்ந்த பிறகு இதைக் கேட்க எனக்கு வாய் வராது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிற கேள்வி இல்லை இது. அதனால் எழுதியே விடுகிறேன். உன்னைக் குறை சொல்வதற்காக இல்லை. நீ உயிரோடு இருப்பதற்கு முருகனுக்குச் சூடம் கொளுத்திவிட்டு வந்துதான் எழுதுகிறேன். உன் கண்ணாடியும் பொய் சொன்னது, அவருடையதும் பொய் சொன்னது. நீயும் நம்பினாய், அவரும் நம்பினார். பிறகு ஏன் மொட்டையா, அவருடையது வெடித்தது, உன்னுடையது வெடிக்கவில்லை?